பரிசோதனை நாளுக்கு முன் மருந்துப் பட்டியல்

வலிப்பு நோய் மருந்துகளுக்குக் கட்டுப்படாதபோது, சில குழந்தைகளுக்கு மூளை அறுவை சிகிச்சை ஆலோசிக்கப்படுகிறது. பேச்சும் நினைவாற்றலும் மூளையின் எப்பகுதியைச் சார்ந்துள்ளன என்பதை அதற்கு முன் அறிந்தாக வேண்டும். இக்கணிப்பு தவறினால், வலிப்பு நின்றாலும் குழந்தையின் பேச்சு பாதிக்கப்படலாம். எனவே, குழந்தை உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஆராய்ந்த பின்னரே பரிசோதனைக்கு நாள் குறிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஜுன் வாடா என்னும் மருத்துவர் 1949-இல் விவரித்த வாடா பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். கழுத்துத் தமனி வழியே அமோபார்பிட்டால் என்னும் மருந்தைச் செலுத்தி, மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் உறங்கச் செய்வர். மறுபாதியால் பேச்சையும் நினைவையும் தாங்க இயலுகிறதா என்று அப்போது சோதிப்பர். இன்று பலருக்கு எஃப்.எம்.ஆர்.ஐ. படமே போதுமானதாக உள்ளது; எனினும் இப்பரிசோதனை தேவைப்படும் குழந்தைகளும் உள்ளனர்.

டோபிராமேட், சோனிசமைடு ஆகிய வலிப்பு மருந்துகளை உட்கொள்வோரிடம் இந்த உறக்கம் விரைவில் கலையலாம், அல்லது சரிவர ஏற்படாமலே போகலாம் என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. உறங்கியதாகக் கருதப்படும் பாதி விழித்திருந்து விடையளித்தால், மறுபாதியே விடையளித்ததாகத் தோன்றும். மேலும், டோபிராமேட் சிலருக்குச் சொற்கள் நினைவுக்கு வருவதையே தாமதப்படுத்தும். மருந்தின் விளைவை நோயின் விளைவாகக் கருதிவிட நேரலாம்.

மருந்தின் தாக்கம் நிறுத்திய பின்னும் நீடிக்கக்கூடும். ஆகவே முந்தைய நாள் நிறுத்துவது பயன் தராது. பெற்றோர் தாமாக நிறுத்துவதோ பேராபத்து. திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான தொடர் வலிப்பு ஏற்படலாம். மருத்துவரின் கண்காணிப்பில், தேவையெனில் மாற்று மருந்தளித்து, படிப்படியாகவே குறைக்க வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகலாம்.

விடுப்பெடுத்து, தொலைவிலிருந்து வரும் குடும்பத்தினருக்கு இத்தாமதம் சுமையே என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும், பயனற்றுப்போன பரிசோதனைக்காகக் குழந்தையின் இரத்தக்குழாயில் மீண்டும் குழாய் செலுத்துவது அதனினும் பெரிய சுமை.

கேட்டறிவது மருத்துவக் குழுவின் கடமை. மாத்திரை அட்டைகள், பழைய மருந்துச் சீட்டுகள், சித்த, ஆயுர்வேத மருந்துகள் என எதையும் விடாமல் கொண்டுவாருங்கள். யாரும் கேட்காவிடில், "இவற்றுள் ஏதேனும் பரிசோதனையைப் பாதிக்குமா?" என்று நீங்களே தயங்காமல் கேளுங்கள்.