நீதிக்கு ஒரு மரத்தடி

கோர்ட்டு என்றால் நமது ஜனங்களுக்கு ஏன் வயிறு கலங்க வேண்டும்? குற்றம் செய்தவன் பயந்தால் அதில் அதிசயமில்லை. கடன் கொடுத்து ஏமாந்தவன் ஏன் பயப்படுகிறான்? சாட்சி சொல்ல வந்த கிழவி ஏன் நடுங்குகிறாள்? சட்டம் தெரியாததுதான் காரணமென்று சொல்லிவிட முடியாது. அரசர்களின் கொலுமண்டபத்தைப் பார்த்துக் கோர்ட்டைக் கட்டினார்கள். வருகிறவன் தன்னைச் சிறியவனாக நினைக்க வேண்டுமென்பதே அந்த மண்டபத்தின் நோக்கம்.

“கட்டடம் எப்படியிருந்தாலென்ன, ஜட்ஜு யோக்கியராயிருந்தால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதே நமது அபிப்பிராயம். பயந்தவனுக்கு வாய் எழாது. வாய் எழாதவன் கட்சி நியாயமாயிருந்தாலும் தோற்றுப்போகும். ஆகவே, வருகிறவன் மனதை அமைதிப்படுத்தும் கட்டடம் ஆடம்பரமல்ல. அது நீதியின் ஒரு பகுதியேயாகும்.

இது நடக்கக்கூடிய காரியந்தானா என்பவர்கள் தென் ஆப்பிரிக்காவைப் பார்க்கட்டும். ஜோகன்னஸ்பர்க் நகரில் ஒரு கோட்டை ஜெயில் இருந்தது. அதில் கருப்பு மக்களை அடைத்த பகுதிக்கு “நாலாம் நம்பர்” என்று பெயர். 1908-ல் காந்தியாரும், தமிழரான தம்பி நாயுடுவும் அந்த ஜெயிலில் இருந்தார்கள். 1962-ல் நெல்சன் மண்டேலா இருந்தார். 1983-ல் ஜெயில் மூடப்பட்டது. அதே இடத்தில்தான் அந்நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டுக்குப் புதிய கட்டடம் கட்டி, 2004 மார்ச் 21-ந் தேதி திறந்தார்கள்.

அதைக் கட்டியவர்கள் அரண்மனையைப் பார்த்துக் கட்டவில்லை. மரத்தைப் பார்த்துக் கட்டினார்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் மரத்தடியில் கூடி வழக்குப் பேசுவது பழைய வழக்கம். கோர்ட்டின் சின்னமும் மரத்தடியில் கூடிய மக்கள்தான். முன்கூடத்துத் தூண்கள் அடிமரங்களைப்போல் சாய்ந்து நிற்கின்றன. இலைகளினூடே விழுவதுபோல் கூரைவழியாக வெயில் விழுகிறது. இடித்த ஜெயிலின் செங்கல்லை வீணாக்காமல் கோர்ட்டின் சுவருக்கே உபயோகித்தார்கள். மனிதனை அடைத்து வைத்த செங்கல் இன்று அவன் உரிமையைக் காக்கிறது! விசாரணை மண்டபத்தில் தெருமட்டத்துக்கு நீளமாக ஒரு ஜன்னல் உண்டு. உள்ளிருப்பவர்களுக்கு வெளியே நடப்பவர்களின் கால்கள் தெரியும். யாருக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதை ஜட்ஜுகள் மறக்காமலிருக்க இதைவிட என்ன வேண்டும்?

நிற்க. மரத்தடி என்றதும் நம் நாட்டுப் பழமைப் பிரியர்கள், “பார்த்தீர்களா, எங்கள் ஆலமரத்தடிப் பஞ்சாயத்தின் பெருமையை!” என்று கிளம்பிவிட வேண்டாம். அந்த ஆலமரத்தடியில் மேடையில் உட்கார்ந்தவன் யார், கைகட்டி எட்ட நின்றவன் யார் என்பது நமக்குத் தெரியாததல்ல. நிழல் எல்லோருக்கும் பொதுவாய் விழுந்தது. தீர்ப்பு மாத்திரம் ஜாதி பார்த்து விழுந்தது. ஆகையால் மரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிழலையும் காற்றையும் வெளிச்சத்தையுமே தவிர, பழைய வழக்கத்தையல்ல.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்தக் கட்டடம் வருவதற்கு முன்பே, 1995-ல், அக்கோர்ட்டு மரண தண்டனை செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. முதலில் மனிதனை மனிதனாக மதிக்கும் புத்தி வந்தது. பிறகே அதற்கேற்ற கட்டடம் வந்தது. புத்தி மாறாமல் தூணை மாத்திரம் மரம்போல் செய்வது, பட்டுப்போன மரத்துக்குப் பச்சை வர்ணம் பூசுவதேயாகும்.

இனிக் கோர்ட்டுக் கட்டப் பணம் ஒதுக்குகிறவர்கள் கோபுரம் எத்தனை அடி என்று கேட்க வேண்டாம். காத்திருக்கும் ஏழைக்கு உட்கார இடமுண்டா? குடிக்கத் தண்ணீருண்டா? விளக்கில்லாமலே பகலில் வெளிச்சமுண்டா? அங்குள்ள மரங்களை வெட்டாமல் கட்ட வழியுண்டா? இவற்றைக் கேட்கட்டும். கட்டுவது யார் பணத்தில்? வரி கொடுக்கிறவன் பணத்தில். அவன் தன் சொந்தக் கட்டடத்துக்குள் நடுங்கிக்கொண்டு நுழைவானேன்?