பட்டாளத்துப் பிள்ளைக்கு எப்போது பொங்கல்?

பொங்கலுக்கு முந்தின நாள். விடியற்காலை 4 மணி. கூட்டேரிப்பட்டு கூட்டுரோடு.

சென்னைப் பக்கமிருந்து வந்த பஸ் நின்றது. முதலில் ஒரு கறுப்பு டிரங்க் பெட்டி இறங்கியது. பிறகு ஒரு பச்சைப் பை. பிறகுதான் ஆள் இறங்கினார். ஒட்ட வெட்டிய முடி, வெயிலும் பனியும் தின்ற முகம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. பட்டாளத்துக்காரர்!

ஒரு விபத்துச் செய்திக்காக நான் அங்கே நின்றிருந்தேன். டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். ஜம்முவில் ரெயில் ஏறி மூன்று ராத்திரி ஆகிவிட்டதாம். சென்னையில் இறங்கினால் பண்டிகைக் கூட்டம். பஸ்சில் உட்கார இடம் இல்லை. திண்டிவனம் தாண்டும் வரை டிரங்க் பெட்டி மேலேயே குந்தி வந்திருக்கிறார். அந்தப் பெட்டிக்கும் 'லக்கேஜ்' என்று தனியாகக் காசு வாங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற மயிலத்துக்கு ஆட்டோ கேட்டார். "பண்டிகை ரேட்டுண்ணே" என்று மூன்று மடங்கு சொன்னார்கள்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"பரவாயில்ல சார். நாலு வருஷம் கழிச்சு வீட்டுப் பொங்கல் சாப்பிடப் போறேன். இதெல்லாம் பார்த்தா முடியுமா?" என்றார்.

அவர் 'பரவாயில்ல' என்று சொல்லிவிட்டார். ஆனால் நாம் அப்படிச் சொல்லலாமா?

இரண்டும் ஒரே நாள்!

ஜனவரி 15-ந்தேதி என்றால் நமக்குப் பொங்கல், இல்லாவிட்டால் மாட்டுப் பொங்கல். அதே ஜனவரி 15-ந்தேதிதான் நாட்டுக்கு ராணுவ தினம். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1949-ம் ஆண்டு ஜனவரி 15-ந்தேதிதான் கே.எம்.கரியப்பா இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி பொறுப்பை ஏற்றார். அதுவரை அந்த நாற்காலியில் இருந்தவர் ராய் புச்சர் என்ற வெள்ளைக்காரர். சுதந்திரம் வந்து ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் நம் ராணுவத்துக்கு நம் ஆள் தளபதி ஆனார். அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள்.

பொங்கல் என்பதே நன்றி சொல்லும் பண்டிகை. சூரியனுக்கு நன்றி சொல்கிறோம். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி நன்றி சொல்கிறோம். அதே நாளில் எல்லையில் துப்பாக்கியோடு நிற்கிறானே நம் பக்கத்து வீட்டுப் பிள்ளை, அவனுக்கு?

லீவு இருந்தும் இல்லை

"மிலிட்டரிக்காரனுக்கு லீவுக்கு என்ன குறை?" என்று சிலர் கேட்பதுண்டு. கணக்குப்படி சரிதான். ஒரு ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருட லீவு, 30 நாள் தற்செயல் லீவு. ஆனால் கேட்ட நாளில் கிடைக்க வேண்டுமே! காவல் முகாமைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போக முடியாது. பத்துப் பேர் கேட்டால் இரண்டு பேருக்குக் கிடைக்கலாம்.

மதராஸ் ரெஜிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1758-ல் தொடங்கிய பழம்பெரும் படை. நீலகிரி வெலிங்டனில் அதன் தலைமையகம். அதில் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் உண்டு. தமிழனுக்குப் பொங்கல். அதே நாள் தெலுங்கருக்கும் கன்னடருக்கும் சங்கராந்தி. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் லீவு வேண்டும். சீட்டு குலுக்காத குறைதான்!

லீவு கிடைக்காதவன் என்ன செய்வான்? முகாமில் கிடைத்த அரிசியில் பொங்கல் வைப்பான். சிக்னல் கிடைத்தால் வீட்டுக்குப் போன் போடுவான். "நல்லா சாப்பிட்டேம்மா" என்பான். அம்மா நம்பியது மாதிரி நடிப்பாள்.

2016-ல் பொங்கல் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 3-ந்தேதி சியாச்சினில், 19 ஆயிரம் அடிக்கு மேல், பனிப்பாறை சரிந்து விழுந்தது. மதராஸ் ரெஜிமெண்ட் 19-வது பட்டாலியனின் முகாம் அப்படியே புதைந்தது. 10 பேர் பலி. அதில் 4 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கர்நாடகத்து ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்துப் பனிக்கு அடியிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். நாடே கும்பிட்டது. பிப்ரவரி 11-ந்தேதி அவரும் போய்விட்டார்.

அங்கே அவர்கள் யாரோடும் சண்டை போடவில்லை. காவல்தான் நின்றார்கள். நாம் இங்கே கரும்பு கடித்துக்கொண்டிருக்க, அவர்கள் அங்கே நின்றார்கள். அவ்வளவுதான்.

இரண்டே கேள்வி

லீவில் வருகிற ஜவானிடம் ஊர் கேட்பது இரண்டே கேள்விதான். முதல் கேள்வி: "எப்ப வந்தே? எப்பத் திரும்பிப் போறே?"

இரண்டாவது கேள்வி காதோடு காதாக வரும்: "மாப்ளே, மிலிட்டரி சரக்கு ஏதாச்சும் இருக்கா?"

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். "எப்படி இருக்கே? அங்க குளிர் எப்படி? சாப்பாடு எப்படி? ராத்திரி தூக்கம் உண்டா?" என்று கேட்க ஊரில் ஒரு ஆள் இல்லையா? பெற்ற தாயும் கட்டிய மனைவியும் மட்டும்தான் கேட்க வேண்டுமா?

வேலி நகர்கிறது

திருட்டு, அடிதடி, நிலத்தகராறு எழுதுகிற நிருபர் நான். ஸ்டேஷன் வாசலில் நின்று பழகியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஆண்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிற வீட்டு நிலத்தில்தான் பக்கத்து நிலத்துக்காரனின் வேலி சீக்கிரம் நகர்கிறது! 'கேட்க யார் இருக்கா?' என்ற தைரியம். அவன் 60 நாள் லீவில் வருவான். 20 நாள் ஸ்டேஷன், 20 நாள் தாலுகா ஆபீஸ், மீதி நாள் வக்கீல் வீடு. பிறகு ரெயில்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1925-லேயே 'இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம்' என்று ஒன்று போட்டார்கள். போர் முனையிலும் அதுபோன்ற இடங்களிலும் வேலை பார்க்கும் வீரருக்குப் பாதகமாக, அவர் இல்லாதபோது வழக்கு முடிந்துவிடக் கூடாது என்று பாதுகாப்பு கொடுக்கிற சட்டம். சட்டம் கோர்ட்டில் இருக்கிறது. வேலி வயலில் நகர்கிறது!

இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கத்தில், லீவில் வந்திருந்த ஒரு ராணுவ வீரர் அடித்துக் கொல்லப்பட்டார். என்ன காரணம்? தண்ணீர்த் தொட்டி அருகே துணி துவைத்ததில் தகராறு! எல்லையில் சாகாதவன் சொந்த ஊரில் செத்தான். இதற்கு நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டாமா?

அன்று மாலை, இன்று 'நாளைக்கு வா'

2025 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 22-ந்தேதி பகல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7-ந்தேதி 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியது. லீவில் இருந்த ஜவான்களை உடனே திரும்ப அழைத்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு ரெயில் ஏறியவர்கள் உண்டு. ரெயில் நிலையங்களில் மாலை, ஆரத்தி, கோஷம்! மே 10-ந்தேதி சண்டை நின்றது.

மாலையும் வாடியது. நாமும் மறந்தோம்.

1962-லும் இதே கதைதான். சீனா படையெடுத்தபோது தாய்மார்கள் கை வளையலைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். 1965, 1971, 1999 என்று ஒவ்வொரு யுத்தத்திலும் நம் நெஞ்சு கொதித்தது. யுத்தம் முடிந்ததும் ஆறியது.

ஆறின பிறகு என்ன நடக்கிறது? ஓர் ஆபீஸ் வாசலில் 70 வயது மூதாட்டியைப் பார்த்தேன். புருஷன் பட்டாளத்தில் இருந்து செத்துப்போனவர். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். "அஞ்சு தடவ வந்துட்டேன் தம்பி. நாளைக்கு வா, நாளைக்கு வான்றாங்க" என்றார். பஸ்சுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்.

உண்டியலில் விழும் பத்து ரூபாய்

டிசம்பர் 7-ந்தேதி கொடிநாள். சட்டைப்பையில் ஒரு சின்னக் கொடியைக் குத்திவிட்டு உண்டியலை நீட்டுவார்கள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று அதில் மூன்று நிறம். தரைப்படை, கடற்படை, விமானப்படை. 1949-லிருந்து இது நடக்கிறது.

"அந்தக் காசு எங்கே போகிறது?" என்று முணுமுணுத்தபடியே போடுகிறவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் இருக்கிறது.

பென்ஷன் இல்லாத, வேறு வருமானமும் இல்லாத, 65 வயது தாண்டிய முன்னாள் வீரருக்கோ அவரது விதவைக்கோ மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 4,000 ரூபாயாக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ரூபாய் ஆக்க மத்திய அரசு ஒப்புக்கொண்டது. பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 1,000 என்பது 2,000 ஆனது. இரண்டு பிள்ளைகள் வரை கிடைக்கும். கல்யாண உதவி 50 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம். இந்தப் பணமெல்லாம் கொடிநாள் நிதியோடு சேர்ந்த நிதியிலிருந்துதான் வருகிறது.

அதாவது, நீங்கள் போடுகிற பத்து ரூபாய்தான் அந்த மூதாட்டி வீட்டு அடுப்பில் உலையாகக் கொதிக்க வேண்டும். ஆனால் ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக அது கொதிக்காமல் கிடக்கிறது!

செலவில்லாத நன்றி

பெரிய விழா வேண்டாம். கட்-அவுட் வேண்டாம். கீழே சொல்வதைச் செய்தால் போதும்.

பஞ்சாயத்துத் தலைவர்களே! மயிலம் வட்டாரத்தில் ஒவ்வொரு ஊரிலும் பட்டாளத்துக்குப் போனவர்கள் பெயரைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுதி வையுங்கள். வேலூர் மணிக்கூண்டைப் போய்ப் பாருங்கள். முதல் உலகப் போருக்கு அந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல்லில் இருக்கிறது. வெள்ளைக்காரன் செய்ததை நாம் செய்ய முடியாதா? பொங்கல் விளையாட்டு விழா நடத்துகிறீர்களே, அன்றைக்கு ராணுவ தினமும்தான். லீவு கிடைக்காத பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டுப் பரிசு கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆபீஸ் குமாஸ்தா அண்ணன்மார்களே! முன்னாள் படைவீரர்களுக்கு என்று கலெக்டர் ஆபீசில் சிறப்புக் குறைதீர்க் கூட்டம் நடத்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் எழுத்துப் பிழையைத் திருத்தக் கலெக்டர் வரை எதற்கு? 'நாளைக்கு வா' என்பதை 'உட்காரும்மா' என்று மாற்றுங்கள். அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

கண்டக்டர்களே, ஆட்டோக்காரர்களே! டிரங்க் பெட்டியைப் பார்த்தால் ஒரு சீட்டு. ஒரு நியாயமான வாடகை. போதும்.

கடைக்காரர்களே! பதினைந்து, பதினேழு வருஷம் வேலை பார்த்துவிட்டு நாற்பது வயதுக்குள் திரும்பி வருகிறவனை ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பது மட்டும்தான் வேலையா? கணக்கு, ஸ்டோர், வண்டி, ஒயர்லெஸ் எல்லாம் தெரிந்தவன் அவன். 2022-ல் வந்த அக்னிபத் திட்டப்படி 4 ஆண்டு முடிந்ததும் நாலில் ஒருவருக்குத்தான் படையில் தொடர்ந்து வேலை. மற்றவர்கள் கையில் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாயோடு, இருபத்து சொச்சம் வயதில் ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கப் போவது யார்? சொந்தத் தொழில் தொடங்கும் முன்னாள் வீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 சதவீதம் மானியம் என்று 2024 சுதந்திர தினத்தன்று தமிழக அரசு 'காக்கும் கரங்கள்' திட்டத்தை அறிவித்தது. விவரம் தெரிந்த வியாபாரிகள் நாலு பேருக்கு எடுத்துச் சொன்னாலே பெரிய உதவி.

அக்கம்பக்கத்தாரே! அவன் இல்லாதபோது அவன் வீட்டு வேலியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வேலியை அவன் பார்த்துக்கொள்கிறான் அல்லவா?

மலை மேல் ஒரு தளபதி

மயிலம் மலை மேல் நிற்கிற முருகனுக்குத் தேவசேனாபதி என்று பெயர். தேவர் படைக்குத் தளபதி! பங்குனி உத்திரத்துக்குத் தேர் இழுக்க ஊரே திரளுகிறது. தளபதிக்குத் தேர். அவன் படையில் நிற்கிற ஜவானுக்கு டிரங்க் பெட்டி மேல் உட்கார்ந்த பயணமா?

அன்று கூட்டேரிப்பட்டில் கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? டீக்கடைக்காரர் வடைச் சட்டியைப் பையன் கையில் கொடுத்தார். தன் மொபெட்டை எடுத்தார். "ஏறுப்பா, நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டார். பெட்ரோலுக்கு நீட்டிய காசை வாங்கவில்லை.

"என் தங்கச்சி மவனும் லடாக்குலதான் இருக்கான். அவனுக்கு லீவு கெடைக்கல" என்றார்.

மொபெட் மயிலம் ரோட்டில் திரும்பியது. விடிந்துகொண்டிருந்தது.

நன்றி சொல்ல மேடை எதற்கு? ஒரு மொபெட் போதும்!