அதே மாதிரி இன்னொன்று!

ஒரு பாட்டு ஹிட்டாகிவிட்டால் அடுத்ததும் அதே மாதிரி இருக்கணும் என்று அடம்பிடிக்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் இந்த வாரம் உங்களோடுதான் சண்டை.

எம்.ஜி.எம்.டி. என்று ஓர் அமெரிக்க இசைக் குழு. ஆண்ட்ரூ வான்விங்கார்டன், பென் கோல்ட்வாசர் என்று இரண்டு பேர், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஆரம்பித்தது. 'இண்டி பாப்' என்று முத்திரை. (வெளியிட்டது என்னவோ சோனியின் கொலம்பியா கம்பெனி. இண்டியாம், இண்டி!) 2007-ல் வந்த முதல் ஆல்பத்தில் 'கிட்ஸ்', 'எலெக்ட்ரிக் ஃபீல்', 'டைம் டு ப்ரிடெண்ட்' என்று மூன்று பாட்டு பிய்த்துக்கொண்டு போயின. பிரான்ஸில் சர்க்கோசியின் கட்சி, கேட்காமல் கொள்ளாமல் 'கிட்ஸ்' பாட்டை எடுத்துப் போட்டு 2009-ல் மாட்டிக்கொண்டது. நஷ்டஈடாக முதலில் எவ்வளவு தருகிறேன் என்றார்கள் தெரியுமா? ஒரே ஒரு யூரோ!

2010 ஏப்ரலில் இரண்டாவது ஆல்பம் வந்தது. பெயர் 'கங்கிராஜுலேஷன்ஸ்'. மொத்தம் 9 பாட்டு. அதில் 'சைபீரியன் பிரேக்ஸ்' மட்டும் 12 நிமிஷம்; மெட்டு மாறிக்கொண்டே போகும். ஒன்றிரண்டு பாட்டைப் பொறுக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள் என்றார்கள் இருவரும். கம்பெனி அப்புறம் சிலதைத் தனியே உருவி விட்டது வேறு கதை.

உடனே கிளம்பியது கூப்பாடு. 'கிட்ஸ் மாதிரி ஒண்ணுகூட இல்லையே? என்ன திமிர்!'

இத்தனைக்கும் பில்போர்டு பட்டியலில் வந்ததுமே 2-வது இடம். நான் பி.காம். படித்தவன். இதற்கு எங்கள் பாஷையில் 'குட்வில்' என்று பெயர். ஓட்டல் கைமாறினால் பாத்திரம் பண்டத்தோடு இதற்கும் விலை போடுவார்கள். பழைய ருசி இருக்கும் என்று நம்பி வாடிக்கையாளர் வருவார் இல்லையா, அந்த நம்பிக்கைக்கு விலை. சாம்பார் மாறினால் அவர் சண்டை போடலாம், நியாயம். பாட்டுப் போடுகிறவனிடமும் அதே சாம்பாரைக் கேட்டால் எப்படி?

'காசு கொடுத்திருக்கேன் சார்' என்பீர்கள். கொடுத்தது இந்த ஆல்பத்துக்கு. இது பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டுங்கள். 'சைபீரியன் பிரேக்ஸ்' நடுவே இழுக்கிறது என்றால் நானும் தலையாட்டுவேன். ஆனால், 'போன தடவை மாதிரி இல்லை' என்பது விமர்சனமா? அது புகார்ப் பெட்டியில் போடுகிற சீட்டு. இதே ஆசாமிகள், அடுத்ததும் அதே மாதிரி வந்தால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்: 'சரக்கு தீர்ந்துபோச்சு.'

இந்தக் கூத்தெல்லாம் வரும் என்று அந்த இரண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்போல. ஆல்பத்தின் பெயரையே கொண்ட கடைசிப் பாட்டு முடிந்ததும், நாலைந்து பேர் ஒப்புக்குக் கைதட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள்.

'கிட்ஸ்'தான் வேணும் என்கிறீர்களா? அது எங்கேயும் ஓடிப்போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள், யார் வேண்டாமென்றது?