காலனி வரை வராத உதவி

காரியாபட்டிப் பக்கம் நம் காலனிகளில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் தாய், மருத்துவச் சான்றுக்காக விருதுநகருக்கு அலைந்தால் அன்றைய கூலி போச்சு. டாக்டர் வரவில்லையென்றால் மறுநாள் கூலியும் போச்சு. மாத உதவித்தொகை 2,000 ரூபாய், 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. பிள்ளைக்கு 18 வயதானதும் ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் காப்பாளர் நியமனத்துக்கு மனுக் கொடுக்கலாம் என்று 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் சொல்கிறது. யார் போய்ச் சொன்னார்கள்?

மனு எழுதி, கூடவே வந்து முடித்துத் தருவதுதான் உதவி ஒருங்கிணைப்பாளர் வேலை. ஊர்த்தெருவோடு திரும்புகிறவரால் அது ஆகாது. பட்டம் படித்துவிட்டுப் பட்டாசு ஆலை வேனுக்குக் காத்திருக்கும் நம் பெண்களை அந்த வேலையில் அமர்த்துங்கள் என்கிறோம். சான்றிதழ் முகாமையும் காலனி சமுதாயக் கூடத்தில் நடத்துங்கள்.