கொழும்பின் குளிரும் மன்னாரின் காற்றும்

கொழும்பு மாநகரிலே குளிரூட்டி ஒரு காலத்திற் செல்வர் மனைக்கே உரியதாயிருந்தது. இன்றோ கடைகளுக்கும் மாடிக் குடியிருப்புகளுக்கும் அது வேண்டப்படுவதாயிற்று. இப்போக்கு கொழும்போடு நிற்பதன்று. உலகில் ஏறத்தாழ 160 கோடியாக இருந்த குளிரூட்டிகள் 2050இல் 560 கோடியாகும் எனச் சர்வதேச எரிசக்தி முகவரகம் 2018இல் கணித்துரைத்தது.

இதற்கான மின்சாரம் எங்கிருந்து வரும்? ஒரு பங்கு மன்னார்த் தீவிலிருந்து செல்கிறது. 2020 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகள், நம் கச்சான் காற்றை ஏறத்தாழ 100 மெகாவாற்று ஆற்றலாக்கிப் பொது மின்வலைக்கு அளிக்க வல்லவை.

காற்றாலையை நாம் வெறுக்கவில்லை. நிலக்கரிப் புகையினும் காற்று நன்றே. ஆயினும், வெள்ளம் வடியும் வழி அடைபடும், மீன்பாடு குன்றும், வலசைப் பறவைகள் அழியும் என அஞ்சிய மன்னார் மக்கள் 2025இல் வீதியில் இறங்கினர். பாதிக்கப்படுவோரின் வாதத்தைக் கேளாது தீர்ப்பெழுதுவது எந்த மன்றிலும் நீதியாகாது. அவர்தம் சம்மதமின்றி அத்தீவில் இனி ஒரு தூணும் நாட்டலாகாது.

தலைநகரின் தேவையைக் கட்டுப்படுத்துவது தலைநகரின் கடமை. கண்ணாடிச் சுவரெழுப்பி வெயிலை உள்ளே அழைத்துப் பின்னர் மின்சாரத்தால் அதனைத் துரத்துவது மதியுடைமையோ? ஆகஸ்ட் திருவிழாவுக்கு மடுத்திருப்பதியிற் கூடும் இலட்சக்கணக்கான மக்களுக்கு வெம்மை தணிப்பது காட்டு மரங்களின் நிழலன்றோ!

ஆதலின், நிழல்மரமும் தாழ்வாரமும் காற்றோட்டமும் நகரக் கட்டட விதிகளிற் கட்டாயமாதல் வேண்டும். காற்றின் வருவாயில் ஒரு பங்கு மன்னாரின் உழவர்க்கும் மீனவர்க்கும் சட்டத்தால் உறுதிசெய்யப்படல் வேண்டும். நாம் கேட்பது சலுகையன்று, உரிமை.