ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சாளரங்கள்

கணினித் திரையில் ஒரு சாளரத்தின்மேல் இன்னொரு சாளரம் ஏறி உட்காருவது இயற்கை நியதி என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது நியதி அன்று. 1980களில் சில நிறுவனங்கள் எடுத்த முடிவு. சாளரங்களை மோதவிடாமல் அருகருகே ஓடு பதித்தாற்போல் அடுக்கும் முகாமையாளர் மென்பொருள்களைப் பற்றிப் பேசினால், "அதெல்லாம் நிரல் எழுதும் பையன்களின் விளையாட்டு" என்று நமது கணினி வகுப்பாசிரியர்கள் கையை உதறிவிடுகிறார்கள். அதை மறுக்கவே இதனை எழுதுகிறேன்.

பத்திரிகைப் பக்கம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். தலைப்புச் செய்தியின்மேல் மரண அறிவித்தல் ஏறி நின்றால் பக்கம் அமைத்தவருக்கு மறுநாள் வேலை இராது. எதற்கு எத்தனை பத்தி, எதற்கு எவ்வளவு உயரம் என்று இடத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. வாசகர் ஒரு செய்தியைத் தள்ளிவிட்டு அதன் அடியில் இன்னொன்றைத் தேடுவதில்லை. கணினியோ அந்தத் தேடும் வேலையை நம் தலையில் கட்டிவிட்டு அதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர் சூட்டியிருக்கிறது.

வரலாறு வேடிக்கையானது. 'மேசைத்தளம்' என்ற உருவகத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த செரொக்ஸ் நிறுவனமே 1981இல் வெளியிட்ட ஸ்டார் கணினியில் ஆவணச் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று விழவிடவில்லை. 1985 நவம்பரில் வந்த விண்டோஸ் 1.0 உம் அவற்றை அருகருகேதான் அடுக்கியது. மேலேறும் சாளரங்களை அப்பிள் நிறுவனம் லிசா, மக்கின்டொஷ் வாயிலாகப் பிரபலமாக்கியது. 1987இல் விண்டோஸ் 2.0 அதைப் பின்பற்றியது. 1988 மார்ச்சில் அப்பிள் வழக்குத் தொடுத்தது. சாளரங்கள் ஒன்றையொன்று மறைப்பதும் அந்த வழக்கின் முக்கிய சர்ச்சைகளுள் ஒன்று! எது மனிதனுக்கு வசதி என்ற கேள்வியை விட, எது யாருடைய சொத்து என்ற கேள்வியே நீதிமன்றத்தில் நீண்டகாலம் நின்றது.

வசதியை அளந்து பார்த்தவர்களும் உண்டு. செரொக்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாரா பிளை, ஜரெட் ரோசன்பேர்க் இருவரும் 1986இல் இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். சாளரத்துக்குள் அடங்கக்கூடிய ஒழுங்கான வேலைகளில் அடுக்கு முறையே வேகமானது. உள்ளடக்கம் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடந்த வேலைகளில் மட்டும், அதுவும் அனுபவசாலிகள் சிலருக்கு, மறைக்கும் முறை கைகொடுத்தது. ஆக, புதிதாகக் கற்பவருக்கு உகந்தது எது? நாம் அவருக்குக் கற்பிப்பது எது?

இந்நாட்டில் இது வெறும் இரசனை வாதம் அன்று. எனக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் குண்டசாலையில் வீட்டிலிருந்தபடியே சிங்களச் சுற்றுநிருபங்களைத் தமிழாக்குகிறார். மூலம் ஒரு சாளரம், தமிழ் இன்னொரு சாளரம். தமிழைத் திறந்தால் மூலம் மறையும். மூலத்தின் வரியை மனத்தில் இருத்திக்கொண்டு தட்டச்சுச் செய்து, மீண்டும் ஆல்ட்-டாப் அழுத்தித் திரும்பும்போது ஒரு வரி தவறும், ஒரு திகதி மாறும். அரச தமிழின் பிழைகளுக்கு அலட்சியமே பெருங்காரணம்; திரையும் தன் பங்குக்கு உதவுகிறது என்பேன்.

"1366 புள்ளி அகலமுள்ள பழைய மடிக்கணினியை இரண்டாகப் பிரித்தால் என்ன மிஞ்சும்?" என்று அவரே கேட்டார். நியாயமான கேள்வி. பாதி 683 புள்ளிகள். முழு அளவில் ஒரு ஏ4 பக்கத்துக்கு ஏறத்தாழ 794 வேண்டும். போதாதற்கு, நமது சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பத்தியில் தமிழ் படும் பாடு எங்களுக்குத் தெரியாததா? ஆனால் நெடுக்கே வெட்டவேண்டும் என்று யார் சொன்னது? குறுக்கே வெட்டினால் மேலே ஐந்தாறு வரி மூலம், கீழே ஐந்தாறு வரி தமிழ், அகலம் முழுமையாக. விண்டோஸ் 95 முதல் 10 வரை பணிப்பட்டையை வலது சொடுக்கினால் இதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது அந்தப் பட்டியலில் அதைக் காணவில்லை. நம்மிடம் கேட்டா எடுத்தார்கள்?

அடுக்கு முகாமையாளர்களின் பக்தர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. டீ.டபிள்யூ.எம்., எக்ஸ்மொனாட், ஐ-3 யாவும் எழுத்து விசைகளை நம்பியவை. ஆங்கில விசைப்பலகை ஒன்றையே அறிந்தவர்கள் எழுதிய அமைப்புக் கோப்பைப் பார்த்து எழுதிக்கொண்ட தமிழர், ரெங்கநாதன் விசைப்பலகைக்கு மாறியதும் குறுக்குவிசை வேலைசெய்யாமல் திகைக்கக்கூடும். எழுத்தைக் கொண்டல்லாமல் விசையின் இலக்கத்தைக் கொண்டு கட்டளையைப் பிணைக்கலாம் என்று ஐ-3 இன் கையேடு சொல்கிறது. அதைத் தமிழில் எழுதிவைத்தால் என்ன? ஹந்தானை மலையின் பெயரில் ஒரு லினக்ஸ் பதிப்பையே வெளியிட்ட நாடு இது. ஆற்றல் இல்லை என்று சொல்லாதீர்கள்.

பெரிய நிறுவனங்கள் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே திரும்புகின்றன. 2009இல் விண்டோஸ் 7 சாளரத்தைத் திரையின் ஓரத்தில் ஒட்டவைத்தது. அப்பிள் 2024இல்தான் தன் மேசைக்கணினியில் அதற்கு முறையாக வழிவிட்டது. அடுக்கு முறையை விளையாட்டு என்றவர்கள் இப்போது அதையே 'புதிய வசதி' என்று பாடம் நடத்துவார்கள். நடத்தட்டும். முதல் நாள் வகுப்பிலேயே, விண்டோஸ் விசையுடன் இடது அம்பு விசையை அழுத்தினால் என்ன நிகழும் என்று பத்து நிமிடம் காட்டட்டும். தமிழ்ப் பிரிவில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டட்டும்.