மினிமம் பேலன்ஸில் பறக்கலாமா?

பி.காம். படித்தவனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கே ஒரு எண் மாறினாலும் எங்களுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

பிரிட்டனில் நடந்தது இது. குட்டி விமானம் ஓட்டுகிறவர்கள் ஊருக்கு மேலே பறந்தால் 1,500 அடிக்குக் கீழே வரக் கூடாது என்று விதி இருந்தது. 2005-ல் அதை 1,000 அடியாகக் குறைத்தார்கள். தரையிலிருந்து அல்ல; சுற்றி 600 மீட்டருக்குள் எது ரொம்ப உயரமோ, அதன் உச்சியிலிருந்து. 'அடப்பாவிகளா! ஒரே வெட்டாக 500 அடியை வெட்டிட்டாங்களே, தலையில விழுந்தா யார் சார் பொறுப்பு?' என்றுதானே கேட்கிறீர்கள்?

பொறுங்க. அதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. நடுவானில் என்ஜின் நின்றால், கீழே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லாமல் இறங்குகிற அளவுக்கு உயரம் கையில் இருக்கவேண்டும்.

செஸ்னா 172 என்ற நாலு சீட் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் நின்றதும் கல் மாதிரி விழாது. ஒரு அடி இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னே மிதக்கும். 1,500 அடியில் இருந்தால் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் போகலாம். 1,000 அடி என்றால் 2.7 கிலோமீட்டர்தான். அதற்குள் ஒரு காலி மைதானமாவது தென்படவேண்டும். வீடாகவே இருந்தால்? 1,000 அடி பத்தாது, மேலே ஏறு என்கிறது அந்த நிபந்தனை.

ஊருக்கு வெளியே 500 அடி. இதில்தான் வேடிக்கை. பிரிட்டிஷ் கணக்கில் அது உயரமே இல்லை, இடைவெளி! ஆள், வண்டி, படகு, கட்டடம் எதையும் 500 அடிக்குள் நெருங்காதே. ஆளில்லாக் கடல் என்றால் 50 அடியில்கூடப் போ. 2014-ல் ஐரோப்பியப் பொதுவிதி வந்து, 'ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 500 அடி உயரம்' என்றது. பிரிட்டன் விமானத்துறை விடவில்லை. தனி அனுமதி கொடுத்து, பழைய இடைவெளிக் கணக்கையே காப்பாற்றிக்கொண்டது.

மாசக்கடைசியில் பாஸ்புக்கைப் புரட்டுகிறவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மினிமம் பேலன்ஸ் என்பது பேங்க் அபராதம் போடாமல் இருக்க. வீட்டில் திடீரென்று யாருக்காவது காய்ச்சல் வந்தால் அதை வைத்துச் சமாளிக்க முடியுமா? மேலே கொஞ்சம் இருக்கணும் சார்.

என்ஜின் என்ன, நோட்டீஸ் கொடுத்துவிட்டா நிற்கிறது?